தென்னைக்கு நீர் வார்த்தவர்கள்

அந்தமான் தீவுகளின் தலைநகராகிய போர்ட் பிளேரை, 2024-ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் ஸ்ரீ விஜயபுரம் என்று மறுபெயர் சூட்டிய அந்நகரை விட்டுப் புறப்பட்டு, ஏறத்தாழ 14 கிலோமீட்டர் சென்றால் சிப்பிகாட் என்னும் சிற்றூர் வரும். அங்கே மேட்டுப் பாங்கான நிலத்தில் சுமார் 80 ஏக்கர் பரப்புள்ள அரசினர் வேளாண்மைப் பண்ணை இருக்கிறது. கிராம்பும் ஜாதிக்காயும் பட்டையும் மிளகும் தென்னையின் நிழலில் வளர்கின்றன. தாழ்ந்த பக்கத்திலோ, முன்பு நெல் விளைந்த வயல்களின்மேல், நாளுக்கு இருமுறை கடல் ஏறி இறங்குகிறது. முதன்முதலாக இவ்வூரைப் பார்க்கும் யாத்ரிகர், இந்தத் தென்னைகள் தீவு தோன்றிய நாள் முதல் இங்கே நிற்பவை என்றும், இயற்கை அன்னை தன் கையாலேயே இவற்றைக் கடற்கரையில் ஊன்றி வைத்தாள் என்றும் எண்ணிக்கொள்வது சகஜம். தீவு என்றால் தென்னை என்ற எண்ணம் நம் மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது.

உண்மை அதற்கு நேர்மாறானது. வடக்கே கோக்கோ தீவுகளில் தென்னை இருந்தது. தெற்கே நிக்கோபாரில் தென்னை மண்டிக் கிடந்து, அந்த மக்களுக்கு உணவும் பானமும் மட்டுமின்றி நாணயமாகவுங்கூடப் பயன்பட்டு வந்தது. இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் பெரிய அந்தமானிலோ, ஆங்கிலேயர் வந்து குடியேறிய காலத்தில், தென்னை என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் இல்லை. அலையில் மிதந்து வந்து கரையொதுங்கிய காய்களை ஆதிகுடிகள் முளைக்க விடாமல் தின்றுவிட்டார்கள் என்று காரணம் ஊகித்தவர்களும் உண்டு. காரணம் எதுவாயினும், இன்று சிப்பிகாட்டிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் நாம் காணும் தென்னந்தோப்புகள் யாரோ குழி தோண்டி, யாரோ கன்று ஊன்றி, யாரோ நீர் வார்த்து உண்டாக்கியவை. அந்த யாரோ என்பவர் யார் என்று கேட்கத் தொடங்கினால், நன்றி என்னும் குணத்தைப் பற்றி நாம் சாதாரணமாக எண்ணியிராத சில விஷயங்கள் புலப்படும் என்பது என் அபிப்பிராயம்.

1858-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள், டாக்டர் ஜே. பி. வாக்கர் என்ற அதிகாரி 200 கைதிகளுடன் போர்ட் பிளேர் துறைமுகத்தில் வந்திறங்கினார். முந்திய ஆண்டின் சிப்பாய்க் கிளர்ச்சியில் பிடிபட்டவர்களை நாடு கடத்தி வைப்பதற்கென்றே அந்தக் குடியேற்றம் தொடங்கப்பட்டது. தொடக்க மாதங்களின் சரித்திரம் கேட்கத் தகாதது: காய்ச்சலில் இறந்தவர் பலர்; காட்டுக்குள் தப்பியோடி மறைந்தவர் பலர்; தப்பியோடிப் பிடிபட்ட குற்றத்துக்காகத் தூக்கிலேறியவர் எண்பதுக்கும் மேற்பட்டோர். அதன் பிறகு எண்பது ஆண்டுகளுக்கும் அதிகமாக, வங்காளம், பஞ்சாப், பர்மா, சென்னை மாகாணம் என்று அன்றைய இந்தியப் பேரரசின் எல்லா மூலைகளிலிருந்தும் கப்பல் கப்பலாக மனிதர்கள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். கழுத்திலே ஒரு மரத்தகடு தொங்கும். அதில் கைதியின் எண்ணும், தண்டனை பெற்ற நாளும், விடுதலை பெறும் நாளும் பொறிக்கப்பட்டிருக்கும். பெயருக்கு அங்கே அவசியமில்லை. அந்த மனிதர்கள் காட்டை வெட்டினார்கள். துறைமுகத்தைச் சூழ்ந்திருந்த சதுப்பு நிலங்களில், காய்ச்சலின் பிறப்பிடம் என்று கருதப்பட்ட அந்தக் கண்டல் காடுகளில், இடுப்பளவு சேற்றில் நின்று கரை எழுப்பிக் கடலைத் தடுத்து நிலமாக்கினார்கள். பல ஆண்டுகள் கடுங்காவல் கழித்தபின் நன்னடத்தைக்காகச் சீட்டுப் பெற்றவர்கள், தாமே உழுது தாமே உண்டு வாழும்படி துண்டு நிலம் கொடுக்கப்பட்டு ஊர்களில் குடியமர்ந்தார்கள். நெல்லும் தென்னையும் இவர்கள் கைவழியாகவே அந்த மண்ணில் வேரூன்றின.

தென்னை வைப்பது என்பது பொறுமையின் காரியம். முற்றிய நெற்றைக் காதருகே வைத்துக் குலுக்கி, உள்ளே நீர் ததும்பும் ஓசையைக் கேட்டுத் தேர்ந்து, மணற்பாத்தியில் பதித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சில மாதங்களில் மட்டையைக் கிழித்துக்கொண்டு முளை வரும். முந்தி முளைத்ததையும், கழுத்துப் பருத்ததையும் வைத்துக்கொண்டு, சோனிக் கன்றைக் கழித்துவிட வேண்டும். பிறகு மூன்றடிக்கு மூன்றடி குழி, அடியிலே மணலும் சாம்பலும், வழக்கப்படி ஒரு கை உப்பும், அதன்மேல் கன்று. அதைத் தென்னம்பிள்ளை என்று அழைத்து, கோடை முழுதும் பிள்ளையைப் போலவே நீர் வார்த்துக் காக்க வேண்டும். நெட்டை இனமாயின் முதல் பாளை விரிய ஆறு ஏழு ஆண்டுகள் ஆகும். விரிந்த பாளை முற்றிய காயாக இன்னும் ஓர் ஆண்டு. நாற்பது வயதில் கப்பலேறி, பத்தாண்டுக் காவலுக்குப் பின் ஐம்பது வயதில் துண்டு நிலம் பெற்று, சேற்றாலும் காய்ச்சலாலும் தளர்ந்த உடலோடு ஒரு மனிதன் அந்தக் குழியைத் தோண்டியபோது, இதன் இளநீரைத் தான் குடிப்போம் என்று அவன் எவ்வளவு தூரம் நம்பியிருக்கக்கூடும்! மரமோ அறுபது எழுபது ஆண்டுகள் நின்று காய்த்தது.

மூதுரையின் முதற்பாட்டில் ஔவையார் நன்றிக்கு உவமை கூற எடுத்துக்கொண்டது இந்த மரத்தைத்தான் என்பதைத் தமிழ்க் குழந்தைகள் யாவரும் அறிவர். ஒருவனுக்குச் செய்த உபகாரம் என்று திரும்பி வருமோ என்ற சந்தேகம் வேண்டாம். காலால் உண்ட நீரைத் தென்னை தலையாலே தந்தே தீரும் என்பது அப்பாட்டின் கருத்து. நம் நாட்டுக் கொல்லைப்புறத்தில் வைத்துப் பார்த்தால் அதில் குறையொன்றுமில்லை. வார்த்தவனும் அருந்துபவனும் ஒரே வீட்டுக்காரன். ஆனால் அந்தமானின் மண்ணிலே அந்த உவமை வேறு விதமாகப் பலித்திருக்கிறது. அங்கே வார்த்தவர் ஒருவர். அருந்துபவர் முற்றிலும் மற்றொருவர். வார்த்தவர் இறந்து, எண் மட்டும் ஏட்டில் எஞ்சி, ஏடும் செல்லரித்துப் போன பிறகு, எங்கிருந்தோ வந்த ஒருவர் அந்த மரத்தடியில் நின்று தாகம் தீர்த்துக்கொள்கிறார். திருப்பிச் செலுத்துவதற்கு ஆள் இல்லாத கடன் இது. அப்படியானால் பிரத்தியுபகாரம் எங்கே, யாரிடம் போய்ச் சேர்வது?

இதற்கு விடை தேடுமுன், மனச்சாட்சியுள்ளவர் எவரும் எழுப்பக்கூடிய ஆட்சேபம் ஒன்றைச் சந்தித்தே ஆகவேண்டும். சாட்டையடிக்கு அஞ்சிக் கரை எழுப்பியவன் நமக்கு உபகாரம் செய்ய எண்ணி எழுப்பினானா? அவன் எண்ணாத நன்மைக்கு நாம் நன்றி பாராட்டுவது, அவன் பட்ட கொடுமைக்குப் பூச்சூட்டி மறைப்பது ஆகாதா? இந்த ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன். இதற்கும் மேலான ஒன்று உண்டு: அந்தக் காடு கைதிகளுடையதும் அன்று, அவர்களை ஓட்டி வந்தவர்களுடையதும் அன்று. 1859-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் போர்ட் பிளேரின் அபர்டீனில் வில்லும் அம்பும் கொண்டு துப்பாக்கியை எதிர்த்து நின்ற பெரிய அந்தமானியருடைய காடு அது. குடியேற்றம் தொடங்கிய காலத்தில் அவர்களுடைய தொகை சில ஆயிரம் என்று பிற்காலத்தவர் மதிப்பிடுகிறார்கள். 1877-இல் பரவிய தட்டம்மை முதலான புதிய நோய்களால் அவர்கள் கொத்துக் கொத்தாக மடிந்து, 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 பேராகவும், 1961-இல் வெறும் 19 பேராகவும் குறைந்துபோனார்கள். சிப்பிகாட்டில் ஒரு தேங்காயை உடைக்கும்போது, அதன் பின்னால் நிற்கும் துன்பத்தின் இவ்வளவு நீளமான வரிசையைக் கண்ணெடுத்துப் பாராமல் வெறுமனே கைகூப்பிவிட்டுப் போவது கிருதக்ஞதை ஆகாது. துக்கமும் வெட்கமும் கலவாத நன்றி அந்த மண்ணில் சாத்தியமில்லை. அவ்விரண்டும் கலந்த நன்றிதான் மனிதனைப் பிறர் துயரத்தின்பால் திருப்பிவிடுகிறது என்று நான் நினைக்கிறேன். தனக்குக் கிடைத்ததைத் தன் புண்ணியத்தின் பலன் என்று எண்ணுபவன் கொடையாளியாகலாம். ஆனால் கொடுக்கும்போது கை மேலே நிற்கும். பிறருடைய துன்பத்தின்மேல் தன் இல்லறம் கட்டப்பட்டிருக்கிறது என்று அறிந்தவனுக்கோ கொடுப்பது கடமையாகிவிடுகிறது.

கைதிகளுக்குப் பின்னால் வந்தவர்களும் பெரும்பாலும் இழந்து வந்தவர்களே. சோட்டா நாகபுரியிலிருந்து காட்டுவேலைக்குக் கொண்டுவரப்பட்ட ராஞ்சித் தொழிலாளர்கள், 1949 முதல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து தெற்கு அந்தமானின் ஊர்களில் அமர்ந்த குடியானவர்கள், துறைமுக வேலைக்கும் சாலை வேலைக்கும் கடல் கடந்த தமிழர்கள், தெலுங்கர்கள் என்று அந்த வரிசை நீள்கிறது. வங்காள அகதிக் குடும்பத்துக்கு நெல்லுக்கென 5 ஏக்கரும் மேட்டில் 5 ஏக்கரும் கொடுக்கப்பட்டன. 1964-ஆம் ஆண்டுச் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையின் தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவரில் சிலர், இன்னும் தெற்கே நிக்கோபாரைச் சேர்ந்த கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். தமிழகத்தை மெயின்லேண்டு என்றே சொல்லிப் பழகிவிட்ட அந்தமான் தமிழருடைய வாழ்வில், வந்தேறியாக நின்ற நாளின் ஞாபகம் இன்னும் ஓரிரண்டு தலைமுறைத் தூரத்தில்தான் இருக்கிறது. கையேந்தி நின்ற நாளை மறவாத வீட்டிலே, வாசலில் வந்து நிற்பவருக்கு இல்லை என்ற சொல் எளிதில் வாயில் வருவதில்லை.

தென்னையின் கதைக்குத் திரும்புவோம். 1980-களின் தொடக்கத்தில் சிப்பிகாட் உலகத் தென்னைகளின் சந்திப்பிடமாயிற்று. காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் 1981-இல் பசிபிக் மகாசமுத்திரத்தின் தீவுகளுக்குச் சென்று, பிஜி, டோங்கா, சாலமன் தீவுகள், பப்புவா நியூகினி முதலிய இடங்களிலிருந்து 24 வகைத் தென்னைகளின் நெற்றுகளைத் திரட்டி வந்தார்கள். அயல்நாட்டு நோய் எதுவும் நம் நாட்டுத் தென்னைக்குத் தொற்றிவிடலாகாது என்ற முன்யோசனையால், அவற்றை நேரே கேரளத்துக்கோ தமிழகத்துக்கோ கொண்டுபோகாமல், கடல் நடுவே சிப்பிகாட்டில் நட்டு வளர்த்தார்கள். எந்தத் தீவிலே எந்தக் கிழவன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துக் காத்த இனங்களோ அவை! அவனும் பெயரில்லாதவன்தான். விஞ்ஞானத்தின் பெருங்காரியங்களுக்கு அடியிலும் இப்படிப் பெயரற்ற கைகள் இருக்கின்றன.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலை ஆறரை மணி அளவில் பூமி நடுங்கியது. அலை வந்ததும் போனதும் எல்லாக் கரைகளுக்கும் பொதுவான கதை. தெற்கு அந்தமானுக்கு நேர்ந்ததோ அதோடு நிற்கவில்லை. வடக்கே திக்லிபூர்ப் பக்கத்தில் நிலம் மேலே எழும்ப, தெற்கே அது சுமார் ஒரு மீட்டர் கீழே அமிழ்ந்துபோயிற்று. கரைகள் உடைந்தன; மதகுகள் பயனற்றுப்போயின; ஏறிய கடல் வடியவில்லை. சிப்பிகாட்டின் தாழ்வயல்கள் அன்று முதல் ஓதத்துக்கு உட்பட்ட நீர்ப்பரப்பாயின. கமுகு உப்பைத் தாங்காது. தென்னை ஓரளவு தாங்கும், ஆயினும் வேரடியில் தேங்கி நிற்கும் நீரை அதுவும் தாங்காது. குழியிலே ஒரு கை உப்பை விரும்பி ஏற்ற மரம், உப்பே உலகமானபோது மடலுதிர்ந்து மொட்டையாயிற்று. கழுத்தில் மரத்தகடு தொங்க நின்றவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் கடலிடமிருந்து மீட்டுக் காத்த விளைநிலத்தின் ஒரு பகுதியைக் கடல் ஒரே காலையில் திருப்பி எடுத்துக்கொண்டது.

அந்த நாட்களில், கார் நிக்கோபாரிலிருந்தும் கச்சாலிலிருந்தும் உடுத்த துணியோடு வந்திறங்கிய மக்களால் போர்ட் பிளேரின் பள்ளிக்கூடங்கள் முகாம்களாயின. தீவுகளில் உயிர்ச்சேதம் மிகுதியாக நேர்ந்த இடம் கச்சால். வயல் இழந்தவர், வீடு விரிசல் விட்டவர் என்று தாமே அல்லற்பட்டுக் கொண்டிருந்தவர்கள் நிறைந்த நகரம், முற்றிலும் இழந்தவர்களுக்கு அடுப்பு மூட்டியது. இதை நான் பெரிய அற்புதமாகச் சொல்லவில்லை. தமிழகத்துக் கடற்கரையிலும் அதுவே நிகழ்ந்தது. ஆயினும் அகதிகளின் பேரப்பிள்ளைகள் அகதிகளை ஏற்ற அந்தக் காட்சியில், வெறும் இரக்கத்தைக் காட்டிலும் பழைய கடனொன்றின் நினைவு அதிகமாக வேலை செய்திருக்கும் என்று நம்புகிறேன்.

என் நம்பிக்கைக்குச் சற்றே ஆதாரம் தருவது, அமெரிக்காவில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோனிகா பார்ட்லெட், டேவிட் டெஸ்டெனோ என்ற உளவியலாளர் இருவர் 2006-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி. ஒருவரைக் கணிப்பொறியின் முன் அமர்த்திச் சலிப்பூட்டும் வேலையொன்றைச் செய்ய வைத்தார்கள். வேலை முடியும் தறுவாயில் திரை இருண்டுபோகும்படி செய்தார்கள். அருகிலிருந்தவர், உண்மையில் ஆராய்ச்சியாளரின் ஏற்பாட்டின்படி வந்தவர், பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்து கொடுத்தார். பிறகு வேறொரு சாக்கில், நீண்ட சலிப்பான கேள்வித்தாளொன்றை நிரப்பித் தரும்படி உதவி கேட்கப்பட்டது. உதவி பெற்றிருந்தவர்கள், தமக்கு உதவியவர் கேட்டபோது மட்டுமல்லாமல், முன்பின் அறியாத ஒருவர் கேட்டபோதும், மற்றவர்களைவிட அதிக நேரம் உழைத்துக் கொடுத்தார்கள். வியப்பான செய்தி இதற்கு அடுத்தது: உமக்கு உதவியவர் இன்னார் என்று இடையிலே நினைவூட்டப்பட்டவர்களிடம், அந்நியனுக்கு உதவும் வேகம் தணிந்துபோயிற்று. நன்றி முகம் கண்டால் அந்த முகத்தோடு கட்டுண்டு விடுகிறது. முகம் காணாதபோது எதிரே வருகிற யாரிடமும் பாய்ந்து செல்கிறது.

முகம் கண்ட நன்றிக்கு உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. தேனி மாவட்டத்து மக்கள், முல்லைப் பெரியாற்று அணையை 1895-இல் கட்டி முடித்த பென்னிகுயிக்கின் பிறந்த நாளாகிய ஜனவரி 15-ஆம் தேதி பொங்கல் வைத்து, வீட்டிலே அவர் படத்தை மாட்டி, பிள்ளைகளுக்கு அவர் பெயரையே இடுவதைக் கண்டு நெஞ்சு நெகிழாதவர் யார்? அதில் ஓர் அணுவும் குறைக்க எனக்கு மனமில்லை. ஆயினும் அந்த அணைக்குக் கல் சுமந்து, காட்டுக் காய்ச்சலில் மாண்ட கூலிகளுக்குப் படமில்லை. பென்னிகுயிக்குக்கு நாம் பட்ட கடன் பொங்கலோடு தீர்ந்ததாக மனம் சமாதானம் அடையக்கூடும். அந்தக் கூலிகளுக்குப் பட்டதோ எந்தப் பொங்கலாலும் தீராது. ஆகவே அது வேறு வழியில் தீர வழி தேடிக்கொண்டே இருக்கும். சிப்பிகாட்டில் இருப்பது இந்த இரண்டாவது வகைக் கடன்.

திருப்பிச் செலுத்த ஆளில்லாத கடனைப் பிறருக்குக் கொடுத்துத் தீர்ப்பதை உபதேசமாக அன்றி அன்றாட வழக்கமாகவே நம் முன்னோர் வைத்திருந்தனர். புதுமரத்தின் முதற்குலையை வீட்டார் தொடாமல் தெய்வத்துக்குப் படைத்து, பின் அக்கம்பக்கத்தாருக்குப் பகிர்வது கிராமங்களில் பழக்கம். வெயிலில் நடந்து வந்த வேலைக்காரருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்த பாட்டியிடம் அவர் காசை நீட்டினால், “இது எங்க மாமனார் வச்ச மரம் தம்பி, நான் என்ன பாடுபட்டேன், நீ குடி” என்று கையைத் தள்ளிவிடுவாள். அந்தப் பாட்டி நன்றியைப் பற்றி எதுவும் படித்தவள் அல்லள். தான் உழைக்காமல் பெற்றதைத் தன்னது என்று சொல்ல நாக்குக் கூசுகிறது, அவ்வளவுதான். அந்தக் கூச்சத்திலிருந்து பிறக்கிற கருணைக்கு ஆடம்பரம் இல்லை, எதிர்பார்ப்பும் இல்லை. வள்ளுவர் இல்லறவியலில் அன்புடைமை, விருந்தோம்பல், இனியவை கூறல் ஆகியவற்றை அடுத்தே செய்ந்நன்றியறிதலை வைத்தார். வீட்டு வாசலில் நாள்தோறும் புழங்க வேண்டிய குணம் என்று அவர் அதைக் கருதினார் என்றே கொள்கிறேன்.

இன்று தெற்கு அந்தமானில் உப்பேறிய நிலங்களைக் குடியானவர்கள் மீண்டும் பயனுக்குக் கொண்டு வருகிறார்கள். மண்ணை வெட்டி உயர்த்தி அகன்ற பாத்தியாக்கி, வெட்டிய இடத்தை நீர் நிற்கும் அகழாக விட்டு, பாத்தியில் காய்கறியும் அகழில் மீனும் வளர்க்கும் முறையை அங்குள்ள மத்திய தீவு வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார் பரப்பியிருக்கிறார்கள். கனத்த பருவமழை பாத்தியின் உப்பைக் கழுவிக்கொண்டே வருகிறது. பழைய தென்னைகளோ வயது முதிர்ந்து ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. கைதிகளின் காலத்தவை ஏதேனும் இன்னும் நிற்குமாயின் அவையும் நெடுநாள் நிற்கமாட்டா. தீவின் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தென்னம்பிள்ளை கொடுத்து நடச் சொல்கையில், இந்த மண்ணில் முதன்முதல் தென்னை வைத்தவர்கள் யார், எந்த நிலையில் வைத்தார்கள், அவர்களுக்கும் முன்னால் இந்தக் காட்டில் வாழ்ந்தவர்கள் யார் என்பதை, ஆசிரியர்கள் அந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசும் வங்காளத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் இந்தியிலும் ஒரு கால் மணி நேரம் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். பண்ணையின் வாயிலில் ஒரு கல்லும் நாட்டப்பட வேண்டும். அதிலே அந்தக் கழுத்துத் தகட்டின் வடிவத்தைப் பொறித்து, எண்ணுக்குரிய இடத்தை வெறுமையாக விட்டுவிடலாம்.